ஓலை வாசித்த மூன்று ஞாயிறுகள்

வழியில் தெரிந்தவர்களைப் பார்த்தால் நான் சிரிப்பதில்லை. இது என் பிறவிக்குணம் அல்ல, வேலைக்காக நானே வரவழைத்துக்கொண்ட பழக்கம். இத்தனை வருடம் பழகியதில், இப்போது சிரிக்கலாம் என்று நினைத்தாலும் முகம் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. எங்கள் பக்கத்தில் எதிரே வருகிறவரிடம் "எங்க போறிய?" என்று கேட்காமல் கடந்து போனால் அது பகை. நான் கேட்கவும் மாட்டேன், கேட்டால் பதில் சொல்லவும் மாட்டேன். "ரெண்டு இங்கிலீஷ் எழுத்து படிச்சா கண்ணு நெத்திக்கு ஏறிரும்" என்று என் காதுபடவே பேசியிருக்கிறார்கள். பனையேறி மகளுக்கு இவ்வளவு தலைக்கனமா என்றும் கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். காரணத்தைச் சொல்ல முடியாத இடத்தில் கெட்ட பெயர்தான் சௌகரியம்.

காரணம் இதுதான். நான் குஷ்டத்துக்கு ஊசி போடுகிறவள். தக்கலைச் சந்தையில் மரச்சீனிக்கிழங்கு விற்கிற ஒருத்தியைப் பார்த்து நான் சிரித்தால், பக்கத்தில் இருப்பவள் சாயங்காலத்துக்குள் கேட்டுவிடுவாள், "ஊசிக்காரிக்கு உன்ன எப்படித் தெரியும்?" என்று. அதோடு அவளுடைய கிழங்கை யாரும் வாங்க மாட்டார்கள். சரி, நோயாளிகளைப் பார்த்து மட்டும் சிரிக்காமல் இருப்போம் என்றால் அதுவும் ஆபத்து. எல்லோரிடமும் சிரிக்கிறவள் இவளிடம் மட்டும் ஏன் முகத்தைத் திருப்புகிறாள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த மூளை நிறைய உண்டு. அதனால் நோய் உள்ளவர், இல்லாதவர், போதகர், மீன்காரி, என் கூடப்பிறந்த தம்பி, எல்லோருக்கும் ஒரே முகம். "இன்னாருக்கு உண்டுமா?" என்று யாராவது கேட்டால் உண்டு என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. இல்லாதவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தொடங்கினால், இருப்பவர்களைப் பற்றிக் கேட்கும்போது நான் வாயை மூடுவதே பதிலாகிவிடும் அல்லவா?

போன வருடம் சபையில் என்னைப் பாராட்டி ஒரு கூட்டம் நடத்தினார்கள். ஏழை எளியவர்களின் ஆரோக்கியத்துக்காக முன்னின்று உழைத்த தலைவி என்று ஒருவர் பேசினார். ஆஸ்பத்திரி வாசலே மிதிக்காத ஜனங்களிடம் ஆஸ்பத்திரியைக் கொண்டு போனவர் என்று இன்னொருவர் பேசினார். கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்த எனக்கு ஒரே ஒரு பெண்ணின் ஞாபகம்தான் வந்துகொண்டிருந்தது. அவளைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை. இப்போது எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை.

இந்த வேலைக்கு நான் வந்தது பெரிய அழைப்பினால் ஒன்றும் அல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு முடித்து நாங்கள் ஐந்தாறு பேர் வரிசையாக நின்றோம். வெள்ளைக்கார டாக்டர், குஷ்டத்துக்குப் புதிதாக ஊசி வந்திருக்கிறது, ஊர் ஊராகப் போய்ப் போட ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். சரி, அவர் போய்விட்டாரா என்று முதலில் நிமிர்ந்து பார்த்தது நான். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

மாட்டிக்கொண்ட பிறகுதான் ஒன்று புரிந்தது. நோய் எல்லா வீட்டுக்கும் வருகிறது, தண்டனை மட்டும் ஏழை வீட்டுக்கு வருகிறது. வசதியுள்ள வீட்டில் ஒருவருக்கு வந்தால் மாடியறையில் தனியாக வைத்து, வைத்தியரை வீட்டுக்கே வரவழைத்து, வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். பனையேறிக்கு வந்தால் அவன் இறக்கிய அக்கானியை யாரும் குடிக்க மாட்டார்கள். பூதப்பாண்டிப் பக்கம் நடவுக்காரிக்கு வந்தால் வயலில் இறங்க விட மாட்டார்கள். இந்த ஜனங்களுக்கு ஆரம்பத்திலேயே மரவெட்டி விதையில் எடுத்த எண்ணெய் ஊசியை வாரம் தவறாமல் போட்டால், பலருக்கு நோய் நின்றுவிடும். ஆனால் வாரம் தவறாமல் ஊசிக்கு வந்தால் ஊருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் பிழைப்பு போய்விடும். நோய் போக வேண்டுமானால் பிழைப்பு போக வேண்டும் என்று சொல்ல நாங்கள் யார்?

நான் கண்டுபிடித்த வழி சந்தை. தக்கலைச் சந்தைக்குப் பின்புறம், கருவாட்டுக் கடைகளை ஒட்டி ஒரு ஓலைக்கொட்டகையை வாடகைக்குப் பிடித்தோம். சந்தை நாளில் மட்டும் திறப்போம். டாக்டர், வாசலில் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்றார். பலகை வைத்தால் நான் வேலையை விட்டுவிடுவேன் என்றேன். கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை, பிறகு விட்டுவிட்டார். தலையில் பனையோலைக் கடவப்பெட்டியோடு வருகிற பெண், கருவாடு வாங்குகிறவள் மாதிரியே அந்தச் சந்தில் நுழைவாள், ஊசியை வாங்கிக்கொண்டு அடுத்த பக்கம் வெளியேறுவாள். எந்த ஊரிலிருந்தும் யாரும் சந்தைக்கு வரலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். முதல் வருடம் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். அப்புறம் கொட்டகை போதவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கொட்டகைக்குத்தான் அவள் வந்தாள். எங்கள் ஊர்ப்பெண், எங்கள் சபைதான். கோயிலில் எனக்கு நாலு வரிசை தள்ளி உட்காருகிறவள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். தாயும் தகப்பனும் இல்லை, அண்ணன் வீட்டில் இருந்தாள். மிஷன் வளாகத்தில், லேஸ் அம்மாள் என்று எல்லோரும் சொல்லுகிற மேற்பார்வைக்காரியின் கீழ் லேஸ் பின்னுகிற பெண்களில் அவள்தான் கெட்டிக்காரி என்று பெயர். லேஸ் பின்னுவதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: உருளைத் தலையணை மேல் படம் வரைந்த தாளை விரித்து, கோட்டின் மேல் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை ஊசிகளுக்கிடையே மாற்றி மாற்றிப் போட வேண்டும். பின்னல் கப்பலேறிச் சீமைக்குப் போகும்.

கொட்டகைக்குள் வந்ததும் அவள் இடது கையை நீட்டினாள். சுண்டுவிரலின் ஓரத்தில் காய்ந்த ரத்தம்.

"குண்டூசி குத்தி நிக்கி அக்கா. பின்னல்ல ரத்தம் பட்டபொறவுதான் நான் பாத்தேன். எனக்கு நோவவே இல்ல."

முழங்கைக்குக் கீழே ஒரு வெளுத்த தேமல், வெற்றிலை அகலம் இருக்கும். கோழியிறகால் தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "தொட்டியளா? இன்னும் தொடல்லியே?" என்றாள். நான் தொட்டு எடுத்து முடித்திருந்தேன். கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் ஒன்றும் இருந்திருக்காது, அதுதான் எனக்குப் பழக்கமாயிற்றே. ஆனாலும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை. "லேஸ் அம்மாளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். என் வாயிலிருந்து யாருக்கும் தெரியாது என்றேன். அது சத்தியமான வார்த்தை. வாயிலிருந்து தெரியவில்லை.

டாக்டர் அவளைப் பார்த்தார். நரம்பில் வருகிற வகை, பிறருக்கு ஒட்டாது, இரண்டு வருடம் விடாமல் போட்டால் நின்றுவிடும் என்றார். அவள் ஒரு வாரமும் தவறவில்லை. தேமலைச் சுற்றி எண்ணெயை ஏற்றும்போது சுற்றியுள்ள நல்ல தோல் எரியும், ஆண்பிள்ளைகளே பல்லைக் கடிப்பார்கள். இவள், "எரியது நல்லதுதானே அக்கா, எரியாட்டித்தானே பயம்" என்பாள். கோயிலில் எதிர்ப்பட்டால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அவளும் திருப்பிக்கொள்வாள். சமர்த்துப் பெண்.

எட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு சந்தை நாளில் கொட்டகைக்கு வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள். குழித்துறைப் பக்கம் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் அவளை அறுப்பின் பண்டிகையில் பார்த்துவிட்டு, அம்மாவை அனுப்பிப் பெண் கேட்டிருக்கிறார். அண்ணன் சம்மதித்துவிட்டான். அந்த வாரமே கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்குகிறார்கள்.

எனக்குக் கையில் பிடித்திருந்த ஊசி நின்றுவிட்டது. "ரெண்டு வருஷம் முடியட்டும்னு சொல்லப்படாதா?" என்றேன்.

"ஏன்னு கேட்டா என்ன சொல்ல அக்கா?"

"அப்போ அந்த வாத்தியார்கிட்ட மட்டும் உள்ளதச் சொல்லு."

"சொன்னா கல்யாணம் நடக்குமா?"

நடக்காது என்று எனக்குத் தெரியும்.

"கெட்டிப் போனாலும் நான் சந்தைக்கு வருவேன். குழித்துறைக்காரிய எல்லாம் வராமலா இருக்காவ? ஒண்ணு ஒண்ணேகால் வருஷம்தானே, யாருக்கும் தெரியாம முடிஞ்சிரும். நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் அக்கா. எப்பவும்போல இருங்க, அது போதும்."

எப்பவும்போல இருங்க. அவள் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அதைச் செய்து கொடுக்கத்தான் நினைத்தேன்.

ஓலை வாசிப்பது எங்கள் சபைகளில் வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் போதகர் இரண்டு பேரின் பெயரையும் வாசித்து, இவர்கள் இணைவதற்குத் தடை ஏதேனும் அறிந்தவர் இருந்தால் இப்போதே எழுந்து சொல்ல வேண்டும் என்று கேட்பார். யாரும் எழுந்து நான் பார்த்ததில்லை. போதகர் கொஞ்சம் நிறுத்துவார், ஒரு குழந்தை அழும், ஒருவர் இருமுவார், பிறகு பாட்டு. பெண்களுக்கு அந்த நேரம் மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் குசுகுசுக்கத்தான்.

முதல் ஞாயிறு நான் என் பாயில், முன்வரிசையில், இருந்தேன். பெயர்கள் வாசிக்கப்பட்டன. "தடை அறிந்தவர் எவரேனும்" என்று போதகர் கேட்டபோது அது என்னைத்தான் கேட்பதுபோல் இருந்தது. கேட்பது போதகர் இல்லை, ஆண்டவர் என்றுதான் சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். ஊரார் கேட்டால் பேசாமல் இருக்கலாம், அது தர்மம். ஆண்டவருடைய வீட்டில் ஆண்டவர் கேட்கும்போது, தெரிந்து வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் அது பொய்ச்சத்தியம் ஆகாதா? நோய் ஒரு தடையா, ஒட்டாத நோய் தடையா, இரண்டு வருடத்தில் போகிற நோய் தடையா என்று மனதுக்குள் வழக்காடினேன். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

வாரம் முழுவதும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தையைக் கண்டுபிடித்தவள் அல்லவா, எனக்கு என் மூளை மேல் நம்பிக்கை அதிகம். கோயிலில் இருந்தால்தானே கேள்வி? இல்லாத ஆளிடம் ஆண்டவர் கேட்க மாட்டார். இரண்டாம் ஞாயிறு தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டேன். மூன்றாம் ஞாயிறுக்கு, பூதப்பாண்டியில் புதிய கொட்டகைக்கு இடம் பார்க்க வேண்டும் என்று சனிக்கிழமையே கிளம்பிவிட்டேன். ஞாயிறு காலை வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தபோது, இந்நேரம் வாசித்து முடித்திருப்பார்கள், நானும் பொய் சொல்லவில்லை, அவளும் தப்பித்தாள் என்று நினைத்து, சொன்னால் வெட்கக்கேடு, பாடிக்கொண்டே நடந்தேன்.

இப்படிக் கேனத்தனமாக யாராவது இருப்பார்களா? வழியில் ஒருவரைப் பார்த்துச் சிரித்தால் ஊர் கண்டுபிடித்துவிடும் என்று கணக்குப் போடத் தெரிந்தவளுக்கு, மழையானாலும் காய்ச்சலானாலும் வருடக்கணக்காகக் காலியாகாத முன்வரிசைப் பாய், சரியாக அந்த இரண்டு ஞாயிறும் காலியாகக் கிடந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தியை எங்கள் ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எனக்கு நேர்பின்னால் உட்காருகிறவள்.

நான் பூதப்பாண்டியிலிருந்து திரும்பிய மறுநாள் சாயங்காலம் அந்த அத்தையும் மாப்பிள்ளையின் அம்மாவும் என் வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவை நான் அதுவரை பார்த்ததில்லை. மெலிந்த பெண், வெள்ளைச் சேலை, நடந்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எனக்கு ஒத்த மவன். அந்தப் பிள்ளைக்கு மேலுக்கு வல்ல நோயும் உண்டுமா அம்மா?"

"நான் யாரைப் பத்தியும் சொல்லுறது இல்ல. இருந்தாலும் சொல்ல மாட்டேன், இல்லாட்டியும் சொல்ல மாட்டேன்."

அத்தை சிரித்தாள். "அப்போ எனக்கு உண்டுமான்னு கேட்டா?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

"செரி. பொறவு எதுக்கு ரெண்டு ஞாயிறு கோயிலுக்கு வரல்ல? உங்க அப்பாவுக்க அடக்கம் கழிஞ்ச மறுநாளே ஆராதனைக்கு வந்தவிய நீங்க. நான் பொறத்த இருந்து உங்களுக்க முதுகப் பாத்துதானே பாட்டு படிக்கேன். எனக்குத் தெரியாதா?"

தலைவலி என்றேன். பூதப்பாண்டி என்றேன். சொல்லும்போதே இரண்டும் நொண்டுவது எனக்கே கேட்டது. அந்த அம்மா அவசரப்படவில்லை. என்னை நம்பத்தான் விரும்பினாள் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. "நல்ல பிள்ளை. கையெடுத்துக் கும்பிட்டா, கேட்டியளா, மனசு குளுந்து போச்சு. நீங்க ஒண்ணுமில்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா நான் இப்பவே எந்திரிச்சுப் போயிருவேன்."

மேசை மேல் வேதப்புத்தகம் கிடந்தது. யாரும் என்னைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை. நானாகப் போய் அதன் மேல் கையை வைத்தேன். "அவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். எந்தப் பொய்க்குப் பயந்து இரண்டு ஞாயிறு ஓடி ஒளிந்தேனோ, அந்தப் பொய்யை வேதத்தின் மேலேயே சொன்னேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஆண்டவர் பயம் போய்விட்டது, அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகுமோ என்ற பயம்தான் இருந்தது.

அந்த அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள்.

"நீங்க யாருக்கும் சொல்லாதவியன்னு இந்த நாட்டுக்கே தெரியும். இவளுக்கு மட்டும் சத்தியம் செய்யிதிய" என்றாள். குரலில் கோபம் இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினாள். அத்தை, "வாறோம்" என்றாள். நான் கையைப் புத்தகத்தின் மேலிருந்து எடுக்கக்கூட மறந்து நின்றேன்.

கல்யாணம் நின்றது. யாரும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வாத்தியாருக்கு மேற்படிப்பு, இப்போது வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்கள். ஓலை மூன்று முறை வாசித்து நின்றுபோன கல்யாணம் எங்கள் சபையில் அது ஒன்றுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பத்து நாளுக்குள் லேஸ் அம்மாள் அவளுடைய தலையணையையும் பாதியில் நின்ற பின்னலையும் எரித்துவிடச் சொன்னாள். நான் ஓடினேன். இந்த வகை ஒட்டாதது, டாக்டரே சொல்லுவார் என்று வாதாடினேன். அந்த அம்மாள் நல்லவள், கண்ணீரோடுதான் கேட்டாள். வாங்குகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டா வாங்குவார்கள் என்றாள். திரும்பி வரும்போதுதான் உறைத்தது: அவளுக்காக நான் வாதாடப் போனதைப் பார்த்த மற்ற லேஸ் பெண்களுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்திருக்கும். நான் பேசாமல் இருந்தாலும் கெடுத்தேன், பேசினாலும் கெடுத்தேன், வராமல் இருந்தும் கெடுத்தேன், போயும் கெடுத்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் முடியவில்லை.

அவள் சந்தைக்கு வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஐந்து வாரம். கொட்டகையில் ஒவ்வொரு கடவப்பெட்டியின் நிழல் விழும்போதும் நிமிர்ந்து பார்ப்பேன். ஊசி நின்றால் நோய் மறுபடி கிளம்பும். அவள் வீட்டு வழியாகத்தான் தினமும் போகிறேன், ஆனால் நான் ஒரு வீட்டுப் படியேறினால் அந்த வீட்டுக்கு நோய் என்று அர்த்தம். பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டே கடந்தேன். ஆறாம் வாரம் பொறுக்க முடியாமல் ஊசிப்பெட்டியோடு நேராகப் போனேன். அண்ணன் வீட்டுக்குப் பின்னால், தென்னந்தடத்தில் ஓலையால் ஒரு மறைப்புக் கட்டி அவளைத் தனியாக வைத்திருந்தார்கள். தனிப்பானை, தனிச்சிரட்டை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"உனக்க முகத்துல முழிக்க எனக்குத் தைரியம் இல்ல" என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வந்தேன், அது வரவில்லை.

"வாங்க அக்கா. இனி எப்ப வேணும்னாலும் வாங்க. பகல்லயே வாங்க. இனி யாருக்குப் பயப்படணும்?" என்றபடி கையை நீட்டினாள். எந்த விசாரணையும் இல்லை, ஏச்சும் இல்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை அவளிடத்துக்கே போய்ப் போட்டேன். பூதப்பாண்டியிலும் கொட்டகை திறந்தாயிற்று, பிறகு குழித்துறையிலும் ஒன்று. மூன்றுக்கும் என்னைப் பொறுப்பாக்கினார்கள். வந்து பார்த்த சர்க்கார் அதிகாரி கொட்டகை முறை அபாரம் என்று எழுதிவிட்டுப் போனார். நான் அதைப் படித்துவிட்டு நேரே தென்னந்தடத்துக்குப் போய், அவள் மூன்று கல்லில் கஞ்சி காய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. தேமல் மங்கியது. சுண்டுவிரலில் மட்டும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. டாக்டர் மறுபடி மறுபடி சோதித்தார், ஆறு மாதம் பொறுத்து இன்னொரு முறை சோதித்தார். பிறகு இவளிடம் இப்போது நோய் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஓட்டமாக ஓடினேன். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். தாளை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத கோயில்ல மூணு ஞாயிறு வாசிப்பாவளா அக்கா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள். கல்யாணத்துக்கு வாசிக்கிறார்களே, இதையும் வாசித்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடுமே என்றாள். ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லவா முடியும்?

நியாயம்தானே. போதகரிடம் போனேன். தாளைப் படித்துவிட்டு அவரும் சந்தோஷப்பட்டார். ஆனால் ஆராதனை முறையில் இப்படி ஒன்றை வாசிக்க இடமில்லை என்றார். ஸ்தோத்திரம் என்று பொதுவாகச் சொல்லலாம், நோயின் பெயரைச் சொல்லி வாசித்தால் சபையில் சலசலப்பு வரும், அடுத்த கமிட்டியில் பேசுகிறேன் என்றார். அந்தக் கமிட்டி என்னைப் பொறுத்தவரை இன்றுவரை கூடவில்லை.

அடுத்த ஞாயிறு தாளைப் பாட்டுப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். எப்படியாவது நானே வாசித்துவிடுவது என்று தீர்மானம். அன்று வேறு ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்தார்கள். தடை அறிந்தவர் எவரேனும் இருந்தால் எழுந்து சொல்லும்படி போதகர் கேட்டார். ஆராதனை முழுவதிலும் சபையார் வாய் திறக்கலாம் என்று இருக்கிற ஒரே இடம் அது. போதகர் வழக்கம்போல் நிறுத்தினார். குழந்தை அழுதது. தாள் என் விரலிடுக்கில் இருந்தது. அந்த ஜோடியின் கல்யாணத்தில் மண்ணைப் போட்டதாகிவிடுமோ, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு ஆரம்பித்துவிட்டது. நானும் எழுந்து, எல்லோரோடும் சேர்ந்து பாடினேன்.

மத்தியானம் தென்னந்தடத்துக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து ஓலை கீறிக்கொண்டிருந்தாள்.

"வாசிச்சாவளா அக்கா?"

"இல்ல."

"நீங்க கோயிலுக்குப் போயிருந்தியளா?"

"போயிருந்தேன்."

"ஒண்ணும் சொல்லாம இருந்தியளா?"

"ஆமா" என்றேன்.

அவள் கையிலிருந்த ஓலையைக் கீறி முடித்து மற்ற ஓலைகளோடு சேர்த்து வைத்தாள். பிறகு சொன்னாள், கோபமாக அல்ல, ஒரு சின்ன யோசனை சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எனக்க ஓலை வாசிச்ச அன்னைக்கும் இப்படிப் போயி இருந்திருக்கலாம் அக்கா."